ஓயெனுக்கு எப்போது ஆப்பரேஷன்?

ஆண் பூனை ஒன்றை எடுத்து வளர்க்கத் தொடங்கியதும், அதற்கு விதை எடுக்கும் ஆப்பரேஷனை எப்போது செய்வது என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு வயசாவது ஆகட்டும் என்பார் ஒருவர். தலை பெருத்து, கன்னம் உப்பி, நல்ல கடுவனாகட்டும் என்பார் இன்னொருவர். தோட்டத்தில் மாட்டுக்குக் காயடித்ததைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்கள்.

என் பதில் இதுதான். குட்டியாக வந்தால் நான்கு, ஐந்து மாதத்திலேயே செய்துவிட வேண்டும். வளர்ந்த பிறகு வந்த பூனை என்றால் ஒன்றிரண்டு வாரம் வீட்டில் பழகவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் செய்துவிட வேண்டும். அதுவரை வாசல் தாண்ட விடக்கூடாது.

ஓயென் வந்தபோது அவன் வயசு யாருக்கும் தெரியாது. செம்பனை ஆலையில் எடைமேடை வேலை பார்க்கும் என் தம்பி, லோரிகளுக்கு நடுவே திரிந்தவனை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கி வந்தான். ஆரஞ்சு நிறம் என்பதால் பிள்ளைகள் உடனே ஓயென் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஈப்போவில் டாக்டர் அவன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டிரண்டு பல். ஊசிபோல மெலிந்த பால்பல் இன்னும் விழவில்லை. அதை ஒட்டியே தடித்த புதுப்பல் பாதி இறங்கியிருந்தது. ஐந்தரை மாதம் இருக்கும் என்றார். கடுவன்கள் பருவத்துக்கு வருவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

அப்படியானால் இன்றைக்கே செய்துவிடலாமே என்று கேட்டேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, வயிறு புழுவால் உப்பியிருந்தது. சளி பிடித்த உடம்புக்கு மயக்க மருந்து ஆபத்து. அதோடு, புதிதாக வந்த பூனை என்ன நோயைச் சுமந்து வந்திருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடாது. வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளைக் கொன்றுபோடும் பூனைப் பார்வோ நோய்கூடக் கிருமி தொற்றிச் சில நாள் கழித்தே வெளியே தெரியும். ஆகவே முதலில் புழு மருந்து, சளிக்கு மருந்து, பிறகு தடுப்பூசி. நன்றாகச் சாப்பிட்டு, மூக்கு காய்ந்து, எடை ஏறிய பிறகு ஆப்பரேஷன். எனக்கு இந்த ஒழுங்கு சரியாகப் பட்டது. நமக்கு லீவு கிடைக்கிற நாளைப் பார்க்காமல் பூனையின் உடம்பைப் பார்த்து நாள் குறிப்பதுதான் நியாயம்.

வளர்ந்த கடுவனை எடுத்து வருகிறவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும்: ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா? விதைப்பையைத் தடவிப் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு விதை, சில சமயம் இரண்டுமே, வயிற்றிலிருந்து இறங்காமல் உள்ளே தங்கிவிடுவதுண்டு. விதை உள்ள கடுவனின் குறியில் நுண்ணிய முள் முள்ளாக இருக்கும்; எடுத்துவிட்டால் சில வாரங்களில் அது மறைந்துவிடும். டாக்டர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். உள்ளே தங்கிய விதையை அப்படியே விடக்கூடாது, தேடி எடுத்துவிட வேண்டும். பின்னாளில் அதில் கட்டி வரலாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத்தான் மனசு ஆறவில்லை. காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். வாசலுக்கு வரும் எந்தப் பூனைக்கும் சோறு வைக்காமல் இருக்கமாட்டார்.

“ஏம்மா, வாயில்லா ஜீவன். ஆம்பளப் பிள்ளைய இப்படிப் பண்ணலாமா? பாவம்மா.”

“பாட்டி, உங்க கறுப்பன் எப்படிப் போனான்னு நினைச்சுப் பாருங்க” என்றேன்.

கறுப்பனை இந்தத் தெருவே அறியும். கன்னத்தில் ஒரு கடி. மேலே தோல் மூடிக்கொண்டது, உள்ளே சீழ் கட்டியது. ஒரு பக்க முகம் வீங்கி, தொட்டால் கொதிக்கும். பூனைப்பல் மெலிது, காயம் வெளியே புள்ளியாகத்தான் தெரியும், கிருமியை மட்டும் ஆழத்தில் இறக்கிவிடும். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைத் தின்னும் எஃப்ஐவி கிருமியும் பெரும்பாலும் கடியால்தான் பரவுகிறது. (மனிதருக்கு ஒட்டாது, பயம் வேண்டாம்.) விதை எடுத்த பிறகு பத்துக் கடுவன்களில் எட்டு, ஒன்பது சண்டையையும் ஊர் சுற்றுவதையும் மூத்திரம் பீய்ச்சுவதையும் வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. வருஷக்கணக்காகப் பீய்ச்சிப் பழகியவனை மாற்றுவது கொஞ்சம் கடினம். சீக்கிரம் செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு கடுவனுக்குச் செய்வதால் ஊரில் குட்டிகள் குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான். குட்டி குறைய வேண்டுமானால் பெண் பூனைகளுக்குச் செய்தாக வேண்டும். ஓயெனுக்குச் செய்தது ஓயெனுக்காக. எங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் செம்பனை. எலியை அடக்க ஆந்தைக்குக் கூடு வைக்கும் தோட்டங்கள் உண்டு, மருந்து வைக்கும் தோட்டங்களும் உண்டு. அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடிக்கொண்டு நடக்கும். அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் விஷம் ஏறும். பெண் வாடைக்குப் பின்னால் இரவெல்லாம் தோட்டத்துக்குள் அலைகிறவனுக்கு இதுவும் உண்டு, பழம் ஏற்றும் லோரியும் உண்டு.

ஆப்பரேஷன் சின்னதுதான். பையில் சிறிய கீறல், பெரும்பாலும் தையல் இல்லை, அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். வளர்ந்த பூனைக்கு முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். சின்னக் குட்டியை அப்படி ராத்திரி முழுக்கப் பட்டினி போடக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காயம் ஆறும்வரை மணலுக்குப் பதிலாகக் கிழித்த பேப்பர் போட்டேன், புண்ணில் ஒட்டாது.

இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன்: வலிக்கும் என்று இரக்கப்பட்டுப் பனடோல் (பாரசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். டெட்டாலும் கோடாலித் தைலமும் பக்கத்தில் வரக்கூடாது. டாக்டர் கொடுத்த வலி மருந்து மட்டும் போதும்.

சின்ன வயதில் செய்தால் மூத்திரக் குழாய் குறுகிவிடும் என்றும் சொல்கிறார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. அடைப்புக்குப் பெரிய துணை உடல் பருமனும் தண்ணீர் குடிக்காததும்தான். ஆப்பரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடம்புக்குத் தேவையான சாப்பாடோ குறையும். ஆகவே ஓயெனின் தட்டில் கால்வாசியைக் குறைத்துவிட்டேன், ஈரச் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கிறேன். எந்தக் கடுவனாவது முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பாட்டி இப்போது சரி என்றுவிட்டார். அவர் வீட்டுப் புள்ளிக்காரிக்கு நான்கு மாதம் ஆகப்போகிறது, பெண் பூனை அந்த வயதிலேயே சினையாகலாம். அவளுக்கு நாள் கேட்டு வைத்திருக்கிறேன். விதை எடுத்த கடுவனாலும் சில வாரம் வரை சினையாக்க முடியும் என்பதால் அதுவரை இரண்டையும் சேரவிடுவதில்லை. தூக்கிப் போகும் கூண்டு என்னிடம் ஒன்று இருக்கிறது. பசார் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள், தருகிறேன்.