ஜெட் ஸ்கிக்கு 2டி ஆயில்: ஃபிரிட்ஜில் பதினைந்து நாள் இருந்த நாலு பாட்டில்

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு என் ஜெட் ஸ்கி, தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர், கொட்டகையில் உறுமிவிட்டது. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து, ஏழு மாதத்தில் முதல்முறையாக. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, "என்னப்பா, கொசு மருந்து வண்டி தெருவுக்கு வந்துட்டுதா?" என்று எட்டிப் பார்த்தார். புகை அப்படி. முதல் டேங்குக்கு வேண்டுமென்றே ஆயிலைக் கூட்டி வைத்திருக்கிறேன், அதை அவருக்கு எங்கே விளக்குவது. இரண்டு நிமிடம் ஓட்டினேன், நிறுத்தினேன், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டும் ஈரமாக, ஒரே கருப்பில், அதாவது இரண்டு சிலிண்டருக்கும் ஆயில் போகிறது. இந்த நிலையில் அதுவே எனக்குப் போதும்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு: 90-களின் யமஹா வேவ்ரன்னர் 3. 633 சிசி, ரெட்டை சிலிண்டர், 2 ஸ்ட்ரோக். பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய் எரிகிற ஆயில்தான் 2டி ஆயில். பாண்டிச்சேரிப் பக்கம் கடலோரத்தில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் தொழிலை மூடியதும் இரும்பு விலைக்குக் கிடைத்தது. புரட்டாசியில் டாடா ஏசில் ஏற்றி, திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தேன். செங்கம் டீக்கடையில் ஒருவர் "இது என்ன, ராக்கெட்டா?" என்று கேட்டார். கடல் இல்லாத ஊருக்கு இது எதற்கு என்று கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

பிஸ்டன், ரிங், கேஸ்கெட் கதையெல்லாம் விடுகிறேன். ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பிரித்துப் பூட்டியவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும், அவ்வளவுதான். நான் மாட்டிக்கொண்டது ஆயிலில்.

தப்பு என்னுடையது. வண்டி வந்தபோது ஆயில் டேங்கில் கால்வாசி பழைய ஆயில் கிடந்தது. பச்சை கலந்த நீலம். நல்லாத்தானே இருக்கு என்று கார்த்திகை மாதத்தில் அதன் மேலேயே ஆர்எக்ஸுக்கு வாங்கி வைத்திருந்த பைக் 2டி ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டேன். பிறகு ரிங் வராமல் வேலை நின்றது. தை பிறந்ததும், டேங்கில் இருந்து இன்ஜினுக்கு ஆயிலைத் தள்ளும் ஆயில் பம்ப்பில் சிக்கிய காற்றை எடுக்கலாம் என்று குழாயைக் கழற்றினால் சொட்டுகூட இறங்கவில்லை. ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி. விரலில் எடுத்தால் நூல்நூலாக வருகிறது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் பம்ப் சுற்றும், ஆயில் போகாது, புது பிஸ்டன் இரண்டும் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

ராயக்கோட்டை ரோட்டு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். ஆர்எக்ஸ் விஷயத்தில் அவர் சொல்தான் எனக்கு வேதம். "ஏன்பா, 2டி ஆயில்ல என்னா சாதி? எல்லாம் ஒண்ணுதான். தண்ணி எறங்கியிருக்கும்" என்றார். தண்ணீர் இல்லை. சூடான தோசைக்கல்லில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன், பொரியவில்லை. (தோசைக்கல் பழையதுதான், அம்மா.)

ஆயிலில் சாதி உண்டு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) டிசி என்று போட்டிருந்தால் அது காற்றில் குளிர்கிற, சூடாக ஓடுகிற இன்ஜினை மனதில் வைத்துச் செய்தது. அதன் பிஸ்டன் கரிப்படிவுச் சோதனைக்கு வைத்த இன்ஜினே யமஹா ஆர்டி350பி. நம் ஊரில் 80-களில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் ஓடியதே, அதற்கு மூலமான வண்டி. பக்கத்திலேயே ஜப்பான் தரமான ஜாசோ எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று இருக்கும். எஃப்சி வந்தால் புகை குறைவு, எஃப்டி என்றால் அதோடு கரி சேராமல் கழுவும் குணமும் கூடுதல். இந்தக் கழுவும் வேலைக்குக் கால்சியம் மாதிரி உலோகம் சேர்ந்த மருந்து கலப்பார்கள். எரிந்தால் கொஞ்சம் சாம்பல் மிஞ்சும். பைக்கின் சூட்டில் அது பெரிய தொல்லை தராது.

படகு மோட்டார் வேறு மாதிரி. ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ நேராக உள்ளே புகுந்து சிலிண்டரைச் சுற்றிவிட்டு வெளியே போகிறது. இன்ஜின் எப்போதும் ஜில்லென்று இருக்கும். அங்கே சாம்பல் வெளியே போகாமல் பிளக் முனையில் பாலம் கட்டும், ரிங்கைப் பிடிக்கும். அதனால் அமெரிக்கப் படகுத் தயாரிப்பாளர் சங்கமான என்எம்எம்ஏ தனியாக ஒரு தரம் வைத்திருக்கிறது: டிசி-டபிள்யூ3. உலோகம் கிடையாது, சாம்பல் கிடையாது, கழுவும் வேலையை நைட்ரஜன் சேர்ந்த மருந்து பார்த்துக்கொள்ளும், துருவையும் தடுக்கும். இந்த இரண்டு மருந்தும் பெட்ரோலில் கலக்காத நிலையில் டேங்குக்குள் நேருக்கு நேர் சந்தித்தால் சில ஜோடிகள் வினைபுரிந்து கெட்டிப்படும். பெட்ரோலில் கரைந்த பிறகு சந்தித்தால் அவ்வளவு ஆபத்தில்லை. ஆயில் டேங்கில் மாதக்கணக்கில் குடித்தனம் வைத்தால்தான் இப்படி.

படித்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். காலி இருமல் மருந்துக் கண்ணாடி பாட்டில் நாலு கழுவிக் காயவைத்தேன். முதலாவதில் வண்டிக்கு மாட்டியிருந்த உபரி கேனில் கிடைத்த அதே பழைய ஆயிலும் பைக் ஆயிலும் பாதிப்பாதி. இரண்டாவதில் பழையதும் புது டிசி-டபிள்யூ3-யும். மூன்றாவதில் பைக் ஆயிலும் மாமாவின் பவர் ஸ்பிரேயர் ஆயிலும். நாலாவதில் புது டிசி-டபிள்யூ3-யும் பைக் ஆயிலும். குளிரில் சீக்கிரம் தெரியும் என்று டிபன் டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாளே அம்மா கண்டுபிடித்து, "ரோஸ் மில்க் எசன்ஸா இது?" என்று கேட்க, அன்றிலிருந்து டப்பாவுக்குப் பூட்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம், கொட்டகையில் வையுங்கள்.

பதினைந்தாம் நாள் எடுத்துப் பார்த்தேன். முதல் பாட்டில் அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் திரிந்த பால். இரண்டும் மூன்றும் கண்ணாடி மாதிரித் தெளிவு. நாலாவது கலங்கல், சாய்த்தால் அடியில் மெல்லிய ஏடு அசைகிறது. ஆக, வண்டியோடு வந்தது டிசி-டபிள்யூ3 வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும். நிறத்தை வைத்து நான் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிவப்பும் சிவப்பும் சேரும், நீலமும் நீலமும் சேரும் என்று நம்புகிறவர்கள் என் ஃபில்டரை வந்து பார்க்கலாம், எடுத்து வைத்திருக்கிறேன்.

இதை வைத்து "எல்லா ஜெட் ஸ்கிக்கும் டிசி-டபிள்யூ3" என்று கிளம்பிவிடாதீர்கள். (ஜெட் ஸ்கி என்பதே கவாசாகியின் பிராண்டு பெயர், என்னுடையது யமஹா. ஊரில் எல்லாமே ஜெட் ஸ்கிதான்.) யமஹா இந்த வண்டிக்கு டிசி-டபிள்யூ3 கேட்கிறது. இன்னொரு பிராண்டான சீ-டூ வண்டிகளின் ரோட்டாக்ஸ் 2 ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு நேர் எதிர்: குறைந்த சாம்பல் ஏபிஐ டிசி வேண்டும், டிசி-டபிள்யூ3 கூடாது என்பார்கள். அதில் சில மாடல்களில் எக்ஸாஸ்ட் வாயில் ரேவ் வால்வு என்று ஒன்று ஏறி இறங்கும், பிசின் பிடித்தால் சிக்கிக்கொள்ளும். கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கிருஷ்ணகிரியில் டிசி-டபிள்யூ3 கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் மேலும் கீழும் பார்க்கிறார். ஐந்து கடை ஏறினேன். உழவர் கடைகளில் ஸ்பிரேயருக்கும் புல்வெட்டும் மிஷினுக்கும் வைத்திருப்பது எல்லாம் பைக் வகை. ஓசூரிலும் இல்லை. டிவிஎஸ் 50 1980-ல் பிறந்த ஊர், ஒரு காலத்தில் பங்க்குக்குப் பங்க் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றிய ஊர்ப்பக்கம், இப்போது 2டி என்றாலே அலமாரியின் கடைசித் தட்டு. கடைசியில் சென்னை காசிமேட்டில் மீன்பிடிப் படகு மோட்டார் சாமான் விற்கும் கடையில் சொல்லி, லாரி பார்சலில் 4 லிட்டர் வரவழைத்தேன். ஃபோனில் அந்தக் கடை அண்ணன், "கிருஷ்ணகிரியில எந்தக் கடல்ல ஓட்டப் போற தம்பி?" என்று சிரித்துவிட்டு, பில்லில் ஆயில் தரத்தைத் தெளிவாக எழுதியே அனுப்பினார்.

ஆயில் பம்ப்பை நம்பும் மனசு போய்விட்டது. டேங்க், குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லேத்தில் 6 மிமீ அலுமினியத்தில் மூடித் தகடு செய்து பம்ப் இருந்த இடத்தை அடைத்தேன். இனி பெட்ரோலிலேயே கலவை. முதல் டேங்குக்கு 25:1, லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். ரிங் படிந்த பிறகு 40:1, அதாவது 25 மில்லி. 50:1-க்கு 20 மில்லி போதும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

மெக்கானிக் அண்ணனோடு இதிலும் தகராறு. "பயமா இருந்தா இன்னும் நாலு மூடி ஆயில் ஊத்து, குளுகுளுன்னு ஓடும்" என்கிறார். அதில்தான் வினை. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. 50:1-ல் இருந்து 25:1-க்குப் போனாலே சுமார் 2 சதவீதம். கலவை தடித்து கார்புரேட்டரின் பெட்ரோல் துளை வழியாக மெதுவாகவும் போகும். காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் சூடு ஏறும். அதனால் பெட்ரோல் கூடுதலாக இறங்க, மிக்குனி கார்புரேட்டரின் ஹை ஸ்பீடு ஸ்குருவைக் கால் சுற்றுத் திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன்.

அளக்க 60 மில்லி ஊசிக் குழாய், மருந்துக்கடையில் வாங்கியது. காலைக் குளிரில் ஆயில் தடித்து, உறிஞ்சும்போது குமிழி ஏறி 3, 4 மில்லி ஏமாற்றுகிறது. டப்பாவைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் சரியாகிறது. பாதி பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல். பெட்ரோலுக்கும் ஒரு கூத்து உண்டு: பங்க்கில் கேனில் தர மாட்டார்கள். ஆர்எக்ஸில் டேங்க் நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டில் அதன் குழாயைப் பிடுங்கி இரும்பு கேனில் இறக்குகிறேன்.

இனி சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது வருவது இ20, நூறில் இருபது எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்விடும். நீள அளவுக் குவளையில் கலவை 100 மில்லி எடுத்து, 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். அரை மணியில் கோடு பிரிந்தது. ஊற்றியது 10, கீழே நின்றது 27. மேலே நீலம், கீழே வெறும் தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. கீழே உள்ளதைச் சொட்டியால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஆறவிட்டேன், பிசுக்கே மிஞ்சவில்லை. மேலே உள்ளது எண்ணெய்ப் படலம் விட்டுப் போனது. ஆயில் முழுக்க மேலே, அடியில் வெறும் சாராயத் தண்ணீர்.

பைக்கில் இது அவ்வளவாக நடக்காது. ஆனால் இந்த வண்டி தண்ணீரிலேயே கிடக்கும், டேங்க் மூடியின் ரப்பர் முப்பது வயசு. பெட்ரோல் காக்கில் ஆன், ரிசர்வ் என்று இரண்டு குழாய், ரிசர்வ் குழாய் டேங்கின் அடி வரைக்கும் போகிறது. நடு ஏரியில் பெட்ரோல் குறைந்து ரிசர்வுக்குத் திருப்பினால் அது முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காமல் இழுத்து இழுத்து ஓடினால் ஆயில் இல்லாத ஓட்டம். மூடி ரப்பர் மாற்றியாகிவிட்டது. ஓடி முடித்ததும் டேங்கைக் காலி செய்வது என்று முடிவு. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் அதே காசிமேட்டுக் கடையில் சொல்லியிருக்கிறேன், விலையைக் கேட்டதில் இருந்து வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர், மாங்கூழ் ஃபேக்டரியில் இருந்து வாங்கிய 200 லிட்டர் டிரம்மில். போர்த் தண்ணீர் விட்டால் உள்ளே உப்புப் படியும் என்று, குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே இரண்டு நாள் பிடித்து வைத்தேன். ஃபுளோரைடு தொல்லைக்கு 2013-ல் வந்த நல்ல தண்ணீரை ஒரு மோட்டாருக்கு ஊற்றுகிறானே என்று அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. முறை தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒருமுறை: முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும்.

எங்கே ஓட்டப்போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இன்னும் இல்லை. கேஆர்பி அணை (கிருஷ்ணகிரி அணை) என் கொட்டகையில் இருந்து கூப்பிடு தூரம், ஆனால் அனுமதி இல்லாமல் அங்கே இறக்குவதாக இல்லை. நண்பன் ஒருவன் கைவிட்ட கிரானைட் குவாரிக் குழியைக் காட்டினான். எட்டிப் பார்த்ததோடு சரி, கரையே இல்லாத செங்குத்துப் பாறை, விழுந்தால் ஏற வழியில்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளி வண்டியை ஓட்டும் ஜெட் பம்ப்பில், இம்பெல்லர் விசிறியின் நுனிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது, அதைச் சரிசெய்யாமல் தண்ணீரில் போட்டாலும் ஓடாது. டிரெய்லர் வேறு செய்ய வேண்டும்.

கேனில் மிஞ்சிய 25:1 கலவை 600 மில்லியை மாமா தோட்டத்து ஸ்பிரேயருக்குக் கொடுத்தனுப்பினேன். ஸ்பிரேயரில் ஏற்கெனவே இருந்த கலவையைக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள் என்று சொல்லித்தான். மாலை ஃபோன் வந்தது. "என்னா ஆயில்டா அது, ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. இன்னொரு கேன் குடு" என்றார். கொட்டிவிட்டுத்தான் ஊற்றினாரா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.