உப்பளத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையை நான் தேர்ந்துகொண்ட விதம்

காவிரிப் படுகையில் உள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். வன உயிரினங்களோடு வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு படிப்பில் சேர்ந்தவள், இன்று கோடியக்கரையின் வலசைப் பறவைகளையும் அவை இரை தேடும் உப்பளத் தண்ணீரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறேன். இதே ஆசையோடு விலங்கியல் படிக்கும் மற்றவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், இடையில் செய்ய வேண்டியிருந்தவற்றை எழுதுகிறேன்.

"இதைப் படிச்சா என்ன வேலைம்மா?" என்று அப்பா கேட்டார். அது நியாயமான கேள்வி என்பதால், முதலில் வழிகளை விசாரித்தேன். கால்நடை மருத்துவத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு சேர்ந்திருக்க வேண்டும். இந்திய வனப் பணித் தேர்வை எழுத விலங்கியல் பட்டம் போதும்; அதன் முதல்நிலைத் தேர்வும் குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வும் ஒன்றே. மாநில அளவில் வனத்தொழில் பழகுநர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இவை இரண்டும் நிர்வாகப் பொறுப்பை நோக்கிச் செல்பவை. அந்தப் பொறுப்பின் அருமையை உணர்ந்தே இருக்கிறேன். ஆனாலும் என் மனம் ஆராய்ச்சியின் பக்கம் நின்றது.

அதற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே அது கரையைக் கடந்தபோது நான் பள்ளி மாணவி. கோடியக்கரைச் சரணாலயத்தில் மரங்கள் பெருமளவில் முறிந்தன. வெளிமான்களும் குதிரைகளும் பறவைகளும் மடிந்தன. கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஒன்று எனக்கு விளங்கியது: புயலுக்கு முன் என்ன இருந்தது என்று ஆண்டுதோறும் யாராவது எண்ணி வைத்திருந்தால் மட்டுமே, புயலுக்குப் பின் எவ்வளவு போயிற்று, எவ்வளவு திரும்பியது என்று சொல்ல முடியும். 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டுப் பதிவு செய்து வருவதன் பெருமதிப்பு அப்போதுதான் புரிந்தது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் 2002இல் இடம்பெற்ற இந்த இடம், 2022 வரை தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் ஈரநிலமாக இருந்தது. அத்தகைய இடம் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும்போது, புலிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு உப்பளங்களையும் அவற்றை ஒட்டிய சதுப்பையும் தேர்ந்தேன். சரணாலய எல்லைக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், ஆய்வின் நோக்கம், முறை, இடம், காலம் ஆகியவற்றைக் கூறும் சுருக்கம், அடையாளச் சான்றுகள் ஆகியவற்றை இணைத்து விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் மிகவும் உழைக்க வேண்டியது ஆய்வுமுறை பற்றிய பகுதி என்பது என் கருத்து. பறவைகளைப் பிடிப்பீர்களா, தொடுவீர்களா, மாதிரி எடுப்பீர்களா என்ற கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. தொலைநோக்கியால் எண்ணுவதும் தண்ணீரின் உப்புத்தன்மையை அளப்பதும் மட்டுமே என் வேலை என்று எழுதியிருந்தேன். பதிலுக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வலசைப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்து சேர்வதால், கோடை விடுமுறையிலேயே விண்ணப்பம் போய்விடுவது நல்லது.

களத்தில் முதலில் பழகியது கூட்டத்தை எண்ணுவது. சேற்றில் ஆயிரக்கணக்கில் நிற்கும் உள்ளான் எனும் சிறு கரைப்பறவைகளை ஒன்றொன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணுக்குப் பழக்கி, பிறகு அந்த அளவையே நூறாக்கிக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அடுத்தது நேரம். கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கமான ஓதம் ஏறும்போது கடலோரச் சேறு மூழ்கிவிடுவதால் பறவைகள் உப்பளப் பாத்திகளுக்கு வந்து ஒதுங்குகின்றன. ஓதம் வற்றியதும் மீண்டும் சேற்றுக்குப் போகின்றன. ஆகவே ஓத நேரத்தைக் குறிக்காத எண்ணிக்கையை இன்னொரு நாளின் எண்ணிக்கையோடு ஒப்பிடவே இயலாது. இதை எனக்கு விளக்கமாகச் சொன்னவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் விடுவார்கள், எந்தப் பாத்தி எப்போது வற்றும் என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் என் அட்டவணையையே வகுத்தேன்.

தண்ணீரின் ஆழமும் உப்பும்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. கால் குட்டையான கொசு உள்ளானுக்குச் சேறும் விரலளவுத் தண்ணீரும் வேண்டும்; பூநாரை முழங்கால் ஆழத்திலும் நின்று மேயும். மழை ஓய்ந்து உப்பு விளைவிக்கத் தொடங்கியதும் பாத்திகளில் உப்புத்தன்மை ஏறுகிறது. அதைத் தாங்கும் புழு பூச்சிகளின் வகைகள் குறைந்துகொண்டே போகின்றன. மிகுந்த உப்பில் ஆர்ட்டீமியா எனும் சிறு உப்புநீர் இறால் போன்ற சில மட்டுமே பெருகும். எந்த உப்பு நிலையில் எந்தப் பறவை பாத்தியைக் கைவிடுகிறது என்பதே இப்போது என் மனத்தை முழுவதும் பிடித்திருக்கும் கேள்வி. ஒரு பருவத்துக் கணக்கு அதற்கு விடை தராது. மழை கூடிய ஆண்டும் பொய்த்த ஆண்டும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

அதற்கான பயிற்சியைத் தேடியே முதுகலைப் படிப்புகளைப் பார்த்தேன். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் முதுகலை இருக்கிறது. டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனமும் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இத்துறையில் முதுகலை நடத்துகின்றன. பெங்களூர்ப் படிப்புக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. எல்லா ஆண்டும் சேர்க்கை நடப்பதில்லை என்பதால் அறிவிப்பை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தேர்வுக்காகச் சூழலியலோடு புள்ளியியலையும் படிக்கிறேன். விலங்கியல் மாணவர்கள் பலர் தவிர்க்க விரும்பும் பாடம் அது. ஆனால் கூட்டத்தின் எண்ணிக்கை உண்மையாகவே குறைந்ததா, நாம் பார்க்கத் தவறினோமா என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

எங்கே இடம் கிடைத்தாலும் ஆய்வேட்டுக்குக் கோடியக்கரைக்கே திரும்புவதாக முடிவு செய்திருக்கிறேன். திட்டப்பணி அறிக்கையின் ஒரு படியை வனத்துறைக்கு ஒப்படைத்துவிட்டேன். அதே பாத்திகளில், அதே ஓத நேரத்தில், அடுத்த பருவத்திலும் எண்ணுவதற்கான விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.