சீட்டுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில்

3.3.2025, திங்கள்

ஊசிப் போதைப் பழக்கமுள்ள ஒருவருக்கு எச்.ஐ.வி உறுதியானதும் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து "ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி-யை அடக்கும் மருந்துச் சிகிச்சை) மையத்துக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாகப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஆள் போய்ச் சேர்ந்தாரா என்பது வேறு கதை. ஹெராயின் கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், கொட்டாவி நிற்காது, வயிற்றைப் பிசையும். அந்த நிலையில் பதிவுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை என்றால் யார் நிற்பார்? பாதியில் எழுந்து போனவரை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது அநியாயம்.

ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவ மேற்பார்வையில் தரும் மெதடோனோ புப்ரெநார்பினோ வாங்குபவரை அன்றைய டோஸ் முடிந்த கையோடு கூட்டிப்போக வேண்டும். சகதோழர் (இதே பழக்கத்திலிருந்து மீண்டு, இப்போது துணைக்கு வருபவர்) வாசலோடு திரும்பாமல், மாத்திரை டப்பா கைக்கு வரும்வரை கூட இருக்க வேண்டும். உடல்நிலை இடம்கொடுத்து அவரும் தயார் என்றால் அன்றே மருந்தைத் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-லேயே இதைச் சொல்லிவிட்டது. இருமல், காய்ச்சல், விடாத தலைவலி இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வைக்க வேண்டும். காசநோயோ மூளையுறைக் காய்ச்சலோ இருந்தால் தொடங்கும் நாள் தள்ளிப்போகும்.

6.3.2025, வியாழன்

ஆளைத் தொடர்புகொள்ள ஒரே ஒரு போன் நம்பரை நம்பக் கூடாது. போன் அடகுக்குப் போகும், சிம் மாறும். வழக்கமாக உட்காரும் இடம், நம்பிக்கையான ஒருவர், இரண்டாவது நம்பர் மூன்றையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். வேறு யாராவது போனை எடுத்தால் என்ன சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். "நண்பர் பேசுறேன், அப்புறம் கூப்பிடுறேன்" போதும். மையத்தின் பெயர்கூட வாயில் வரக் கூடாது.

11.3.2025, செவ்வாய்

"இந்த மாத்திரை போட்டதிலிருந்து மெதடோன் வேலை செய்ய மாட்டேங்குது." இப்படி ஒருவர் சொன்னால் சாக்கு என்று தள்ளாதீர்கள். எச்.ஐ.வி-க்கான எஃபாவிரென்ஸ், நெவிரபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மூன்றுமே ரத்தத்தில் மெதடோன் அளவைக் குறைப்பவை. அன்றே டாக்டரிடம் சொன்னால் டோஸைச் சரிசெய்வார். சொல்லாமல் விட்டால் அவரே ஒரு வழி கண்டுபிடிப்பார்: ஏ.ஆர்.டி மாத்திரையை நிறுத்துவார், இல்லை மறுபடி ஊசிக்குப் போவார். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்துக்கும் மெதடோனுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அமிலம் தணிக்கும் அலுமினிய, மெக்னீசிய மருந்துகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிரைப் போட வேண்டும். ரிஃபாம்பிசினும் சேர்ந்தால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை.

14.3.2025, வெள்ளி

'குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடக் கூடாது, விஷமாயிடும்.' பலர் மாத்திரையைத் தவறவிட இந்த நம்பிக்கையே காரணம். குடித்திருந்தாலும் மாத்திரையை விடக் கூடாது.

19.3.2025, புதன்

மருந்தை விட்டவரிடம் "ஏன் விட்டீங்க?" என்று ஆரம்பித்தால் பொய்தான் பதிலாக வரும். "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டால் கணக்கு வரும். டாக்டருக்கு வேண்டியதும் அந்தக் கணக்குதான். நீண்ட இடைவெளி என்றால் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) பார்த்து, காசநோய் அறிகுறிகளையும் கேட்டுத்தான் மறுபடி தொடங்குவார்கள்.

சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் தனி ஆபத்து. உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவே உயிரைக் குடிக்கும். ஏ.ஆர்.டி சந்திப்புத் தேதியோடு நலாக்சோனும் (போதை அளவு மீறினால் உயிர் காக்கும் மருந்து) கையில் இருக்க வேண்டும்.

24.3.2025, திங்கள்

இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாமில் நடந்து 2018-ல் வெளியான எச்.பி.டி.என். 074 ஆய்வில், எச்.ஐ.வி உள்ள, ஊசிப் போதைப் பழக்கமுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வழிகாட்டியும் ஆலோசனையும் கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஓராண்டு முடிவில் இவர்களில் ஏ.ஆர்.டி எடுத்தவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பு, இறப்பு ஏறக்குறைய பாதி. ஆனாலும் வைரஸ் அடங்கியவர்கள் பாதிப்பேரைத் தொடவில்லை. ஆகவே முதல் டப்பாவோடு வேலை முடியாது. ஆறாம் மாத வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) சோதனை வரை ஆள் கூடவே வேண்டும்.

அந்த ஆறு மாதத்தில் சகதோழரே பழக்கத்துக்குத் திரும்பவும்கூடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டாவது சகதோழர் ஒருவரின் பெயரும் பதிவேட்டில் இருக்கட்டும். அவரை முதல் வாரத்திலேயே நேரில் அறிமுகப்படுத்திவிட வேண்டும்.