சிங்கப்பூர் – நியூயார்க்: கிலோமீட்டரை நம்பி நேரம் போடாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்பதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சாங்கி விமான நிலையம் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, ஜே.எஃப்.கே மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. பூமி உருண்டையில் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். இரண்டு ஊர்களின் அட்சரேகையையும் கூட்டினால் (1.4 + 40.6) 42. அதை 180-இல் கழித்தால் 138 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 15,345 கி.மீ.

இதை 900 கி.மீ. வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்று சொல்லும் தளங்கள் நிறைய உண்டு. கால அட்டவணையிலோ பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி வரை இருக்கும். காரணம், அட்டவணை நேரம் விமானம் ஒரு கேட்டிலிருந்து நகர்வதில் தொடங்கி இன்னொரு கேட்டில் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏற்றம், இறக்கம் எல்லாம் அதில் சேரும்.

பாதையும் வேறு. நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாகக் கிழக்கே போகும். அந்த உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. குளிர்காலத்தில் 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். பாதை 16,000 கி.மீ.க்கு மேல் நீண்டாலும், காற்று முதுகில் தள்ளுவதால் நேரம் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், திரும்பும்போதும் பல நாட்களில் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவார்கள். எதிர்ப்பக்க ஊராக இருப்பதில் இப்படி ஒரு லாபம்.

இந்த நேரடிச் சேவைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தை ஓட்டுகிறது. எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர், இருக்கைகள் 161 மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது, எடை தாங்காது.

எகானமிதான் வேண்டுமென்றால் அதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக விடும் விமானம் இருக்கிறது. இரண்டு கட்டமும் சேர்த்துத் தூரம் ஏறக்குறைய 16,500 கி.மீ. நேர்வழியைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுதல். நேரமோ மொத்தம் ஒரு நாளை நெருங்கும். நடுவில் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவது கிலோமீட்டர் கணக்கில் தெரியாது.

பலரும் சறுக்குவது தேதியில். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12 மணி நேரம், மற்ற மாதங்களில் 13. ஜூலையில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 10. அதோடு பதினெட்டே முக்கால் மணி சேர்த்தால் இறங்குவது புதன் விடிகாலை 4.45. ஹோட்டலைச் செவ்வாய்க்குப் போட்டுவிட்டு, வரவில்லை என்று முன்பதிவை ரத்து செய்துவிட்டார்கள் எனப் புலம்புவோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். விடிந்ததும் அறை வேண்டுமென்றால் செவ்வாய் இரவுக்கே பதிவு செய்து, புதன் விடிகாலைதான் வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.