ஓய்வுக்கால முதலீட்டுக்கு ஆலோசகர் தேவையா? கணக்குப் போட்டு முடிவெடுத்த விதம்

ஆலோசகரைத் தேடுவதற்கு முன்னால், இப்போதே யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். மார்ச், செப்டம்பர் முடிந்ததும் வரும் அரையாண்டு சி.ஏ.எஸ். அறிக்கையில் (உங்கள் எல்லா ஃபண்டு முதலீடுகளையும் சேர்த்துக் காட்டும் அறிக்கை), ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டுக்கும் விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். மாதாமாதம் வருவதில் அதைத் தேட வேண்டாம். 50 லட்சம் ரூபாய் ரெகுலர் பிளானில் (விநியோகஸ்தர் கமிஷன் அடங்கியது) இருந்து, டைரக்ட் பிளானோடு (கமிஷன் இல்லாமல் நேரடியாக வாங்குவது) செலவு வித்தியாசம் 0.8% என்றால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். "சார், ஆலோசனைக்கு நாங்க காசே வாங்குறதில்லை" என்பதன் விலை அதுதான். தொகை ஏற ஏற இதுவும் ஏறும்.

நிலையான கட்டணம் வாங்கும் ஆலோசகரை இந்த எண்ணோடுதான் ஒப்பிட்டேன். ஆலோசகருக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தரும் பதிவெண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும்; ஏ.ஆர்.என். எண் மட்டும் வைத்திருப்பவர் விநியோகஸ்தர். செபி இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பெயரும் முகவரியும் வரும். விசிட்டிங் கார்டில் இருப்பதோடு அவை பொருந்த வேண்டும். ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணம், கமிஷன் இரண்டையும் வாங்க விதி இடம் தராது. ஆனாலும் "உங்கள் வீட்டில் வேறு யாராவது ஃபண்டு விற்கிறார்களா?" என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. கட்டண உச்சவரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய். சொத்து மதிப்பில் சதவீதமாக வாங்கினால் 2.5%. சதவீதக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. பணம் பெருகுவதால் அவர் வேலை பெருகிவிடாது.

முதல் சந்திப்பில் ஃபண்டு பெயர்களைக் கேட்டுப் பயனில்லை. 90 வயது வரை ஆண்டுவாரியாக வரவு செலவுத் தாள் தருவாரா என்று கேளுங்கள். அதில் பணவீக்கத்தை உங்கள் கண் முன்னே மாற்றச் சொல்லுங்கள். இன்றைய மாதச் செலவு 50,000 ரூபாய், 15 ஆண்டில் 6% வீதம் ஏறினால் ஏறக்குறைய 1.2 லட்சம், 5% என்று வைத்தால் 1.04 லட்சம். இந்த ஒரு சதவீதத்தில் திட்டமே தலைகீழாகும். பங்கு முதலீட்டுக்கு 12% வருமானத்தைக் கடைசி வரை நிரப்பியிருந்தால் அந்தத் தாளை நம்ப வேண்டாம். ரிஸ்க் மதிப்பீடும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இல்லாமல் பணம் கேட்டாலோ, வருமானத்துக்கு உத்தரவாதம் தந்தாலோ எழுந்து வந்துவிடலாம்.

பி.எஃப்., பி.பி.எஃப்., இரண்டு இண்டெக்ஸ் ஃபண்டு (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது), சந்தை விழும்போது விற்காத மனம், இவ்வளவுதான் என்றால் ஆண்டுக் கட்டணம் வீண். ஒருமுறை திட்டம் போட்டு வாங்கினால் போதும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர், வாடகைக்கு விட்ட வீடு, வெளிநாட்டுப் பணம் என்று சிதறிக் கிடப்பவர், கணக்கு வழக்கே தெரியாத துணை உள்ளவர் ஆகியோருக்கு ஆள் தேவை. சேர்ப்பதைவிட எந்தக் கணக்கிலிருந்து முதலில் எடுப்பது என்பதே சிக்கல்.

டைரக்டுக்கு மாறும்போது அவசரம் ஆகாது. அது விற்று வாங்குவதற்குச் சமம். இனி போடும் எஸ்.ஐ.பி.யை (மாதத் தவணை முதலீடு) மட்டும் உடனே மாற்றுங்கள். ஓராண்டு தாண்டிய பங்கு ஃபண்டு யூனிட்களை மட்டும், லாபம் நிதியாண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டாதபடி விற்றால் வரி இல்லை, தாண்டியதற்கு 12.5%. மார்ச் கடைசியில் ஒரு பகுதி, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பகுதி என்று விற்றால் சில நாட்களிலேயே இரண்டு ஆண்டு வரம்பும் கிடைக்கும். வரி சேமிப்பு ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக 3 ஆண்டு பூட்டு உண்டு.