சிங்கி வலையில் வந்த சிலந்தி நண்டுக்குப் பெயர் கண்டுபிடித்த கதை

எம்.எஸ்சி. விலங்கியல் புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டுப் போனபோது எங்கள் மேடம் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் நீலக்கால் நண்டையே செய்யுறாங்க. நீ வலைக்காரங்க தூக்கிப் போடுறத எடு." அப்படித்தான் சிலந்தி நண்டு என் தலையில் விழுந்தது.

முட்டம், கடியப்பட்டணம் பக்கம் கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் நிறைய. பார் என்போம். சிங்கி இறாலுக்காகப் பாரைச் சுற்றி வலை போட்டுவிட்டு வந்து, விடியலில் போய் வாங்குவார்கள். சிங்கியோடு சேர்ந்து முள்ளும் பாசியுமாக இந்த நண்டும் ஏறிவிடும். வலைக்கண்ணில் சுற்றிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. பாதிப் பேர் கல்லால் தட்டி நொறுக்கித்தான் எடுப்பார்கள்.

"இது குப்பைல்லா மக்களே, தின்ன ஒண்ணும் கெடையாது" என்றார் எங்கள் தெரு மாமா.

"எனக்குத் திங்க வேண்டாம் மாமா. நொறுக்காம மட்டும் குடுங்க. கால் போனாலும் பரவால்ல, முன்னால உள்ள கொம்பு ஒடியப்படாது."

"ஞண்டுக்குக் கொம்பா!" என்று சிரித்தாலும் வாளியில் கடல்தண்ணி ஊற்றி உயிரோடு கொண்டுவந்து தந்தார். எந்தப் பாரில் கிடைத்தது என்று கேட்டேன். ஜி.பி.எஸ். எண் எதுவும் அவரிடம் இல்லை. எந்த மலைமுகடு எந்தக் கோயில் கோபுரத்துக்கு நேராக வந்தது, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம் என்று கணியம், அதாவது கரை அடையாளம், சொன்னார். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகொரு நாள் அவர் வள்ளத்திலேயே போய்ப் போனில் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்தேன். இடம் தெரியாத மாதிரியை வைத்துக்கொண்டு பெயர் கண்டுபிடித்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை.

இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: உயிரோடு இருக்கும் நண்டை நேராக ஸ்பிரிட்டில் போடாதீர்கள். துடித்துக் காலைக் கழற்றிப் போட்டுவிடும். முதலில் ஃப்ரீசரில் வைத்து அடங்கவிட வேண்டும். அதற்கும் முன்னால் போட்டோ, ஏனென்றால் ஸ்பிரிட்டில் நிறம் வெளுத்துவிடும். பிறகு 70 சதவீத எத்தனால். லேபிளைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்து ஓடிவிடும்.

அடுத்தது சுத்தம் செய்வது. இந்த நண்டின் ஓட்டில் கொக்கி போல வளைந்த மயிர்கள் உண்டு. பாசி, கடற்பஞ்சு என்று கிடைத்ததையெல்லாம் தானே கிள்ளி அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பாறையில் அசையாமல் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பழைய டூத்பிரஷை வைத்து லென்ஸுக்குக் கீழே மெதுவாகத் தேய்த்தேன். பச்சைப் பாசி போனது, கடற்பஞ்சுத் துண்டு பிய்ந்து வந்தது, அதற்கும் கீழே செம்பழுப்பில் பேரிக்காய் வடிவ ஓடு தெரிந்தது. ஓரத்தில் வரிசையாகக் கூர்முட்கள், மேலே மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. ஒரு நண்டுக்கு ஒரு சாயங்காலமே போய்விடும், ஆனால் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

போட்டோவைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப் எதையும் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு முறை ஜப்பான் ராட்சதச் சிலந்தி நண்டு என்று வந்தது. அது காலை விரித்தால் 3.7 மீட்டர் வரை வரும். என்னுடையது உள்ளங்கையில் அடங்குகிறது.

நான் முதலில் எடுத்தது ஆல்ஃபிரட் ஆல்காக் 1895-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை. இந்தியக் கடல் நண்டுகளைப் பற்றிய வரிசையில் முதலாவது, அதுவும் சிலந்தி நண்டுகள் பற்றியதே. இன்றைக்கும் இந்தியாவில் இந்த நண்டுகளைப் பார்ப்பவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. சிக்கல் குடும்பப் பெயர்களில்தான். ஆல்காக் காலத்தில் மாஜிடே என்பது பெரிய கூட்டுக் குடும்பம். இப்போது அது பல குடும்பங்களாகப் பிரிந்து, மேலே மாஜாய்டியா என்ற பெருங்குடும்பம் நிற்கிறது. அதனால் ஆல்காக்கின் பழைய கீயை, அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் அட்டவணையை, ஓட்டிவிட்டு, பீட்டர் இங், டானியெல் கினோ, பீட்டர் டேவி மூவரும் 2008-ல் வெளியிட்ட உலக நண்டுப் பட்டியலில் அந்தப் பெயர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் நண்டுக்கு முன்னால் இரண்டு கொம்பு, ஒவ்வொன்றிலும் ஒரு கிளைமுள். ஹயாஸ்டெனஸ் பேரினத்தில் கொம்பு நீளம், கிளை கிடையாது, அது போயிற்று. மிசிப்பாவில் முன்பகுதி கீழே மடிந்திருக்கும், அதுவும் போயிற்று. ஆனால் கிளைமுள்ளை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, நாக்ஸியாய்டஸிலும் அது உண்டு. அங்கே கைகொடுத்தது கண்குழி. சிலந்தி நண்டைக் கையில் எடுத்ததும் எல்லாரும் காலைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கண்ணை. சில குடும்பங்களில் கண்குழியே இராது, கண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என்னுடையதில் கண்ணுக்கு மேலே இறவாரம் மாதிரி ஒரு நீட்சி, கண்ணுக்குப் பின்னால் ஒரு முள், இரண்டுக்கும் நடுவே இன்னொரு தனி முள். அந்த நடுமுள்ளோடு சேர்த்துப் பார்த்தால் மாஜிடே குடும்பம். கிளைக் கொம்பையும் கூட்டினால் ஸ்கைசோஃப்ரிஸ் பேரினம்.

ஒரு பெரிய ஆண் நண்டு மட்டும் குழப்பியது. அதற்கு ஒரு கொம்பில் கிளையே இல்லை. லென்ஸில் பார்த்தால் ஒடிந்த தழும்பு, அதன்மேல் பாசி. சிலந்தி நண்டுகள் பருவமடையும் சட்டை உரிப்போடு உரிப்பதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு ஒடிந்தது ஒடிந்ததுதான், முதுகில் ஏறிய பாசியும் போகாது. அதனால் ஒரே ஒரு நண்டை வைத்துக் கீயை ஓட்டாதீர்கள், பல அளவில் ஆணும் பெண்ணும் வேண்டும்.

சிற்றினத்துக்கு ஆணின் வயிற்று மடலைத் திறந்து முதல் இனப்பெருக்கக் காலை ஊசியால் பிரித்து எடுத்தேன். கைநடுக்கம் உள்ளவர்கள் காபி குடிக்காமல் செய்வது நல்லது. அதன் நுனியை நுண்ணோக்கியில் வரைந்து, நூல் படங்களோடும் முள் அமைப்போடும் ஒத்துப்பார்த்ததில் ஸ்கைசோஃப்ரிஸ் ஆஸ்பெரா என்று நின்றது. செங்கடல் தொடங்கி இந்திய, பசிபிக் வெப்பக் கடல்கள் முழுக்கப் பரவியிருக்கும் நண்டு, புதுசு ஒன்றுமில்லை. அதைக் கேட்டு மேடத்துக்குத் துளியும் ஏமாற்றமில்லை, எனக்குத்தான் கொஞ்சம்.

பெயரை எழுதும்போது, இந்த நண்டுக்கு முதலில் பெயர் வைத்த ஹென்றி மில்ன் எட்வர்ட்ஸின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அவர் இதை மித்ராக்ஸ் பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்பதற்கான அடையாளம் அது. பழைய நூல்களில் ஆண்டு 1834, புதியவற்றில் 1831. நான் புதியதைப் போட்டேன், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

குட்டிப் பெண் நண்டுகள் சிலவற்றில் வயிற்று மடல் இன்னும் அகலமாகவில்லை, முட்களும் சரியாக எழும்பவில்லை. அவற்றின் லேபிளில் பேரினத்தை மட்டும் எழுதி, சிற்றினத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பாட்டில்கள் துறையின் மியூசியத்தில் இருக்கின்றன, யாராவது டி.என்.ஏ. பார்க்க வசதியாக ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காலை முழு எத்தனாலில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.