ஒன்பது நொட் வேகத்தில் மாலைதீவு

டிசம்பர் 27, 2024, வெள்ளி

பின்னேரம் ஐந்து மணிக்குக் கொழும்புத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். விளம்பரத்தில் வெள்ளைவெளேரென்று இருந்த கப்பலுக்கு நேரில் நங்கூரத் துளையிலிருந்து துருக் கண்ணீர் வடிந்திருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது அடுத்ததா அலங்குக்குத்தான் போகும்" என்றார். குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் கரை அது.

கிளம்புமுன் ஆபத்துக்காலப் பயிற்சி நடந்தது. ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் குறித்த இடத்துக்கு வரவேண்டுமாம். மகளுக்கு மிகவும் பிடித்துப்போய், இரவு முழுக்க ஊதிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை என்பதால் மாமி மரக்கறிதான் சாப்பிடுவா. பஃபேயில் அவித்த உருளைக்கிழங்கும் இலைகளும் கிடைத்தன. "சூப்பில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டதற்கு, பரிமாறியவர் சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து, "கோழி, ஆனால் கொஞ்சம்தான்" என்றார்.

டிசம்பர் 28

கபினில் ஏசி இல்லை. குழாயைத் திறந்தால் முதலில் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வருகிறது. ஜன்னல் விளிம்பில் பெயின்ட்டின் மேல் பெயின்ட்டாக எத்தனையோ பூச்சு. மகன் நகத்தால் ஒரு துண்டைப் பெயர்த்தான், அடியில் பச்சை, அதற்கும் அடியில் துரு. நீச்சல் குளத்தை வலை போட்டு மூடியிருக்கிறார்கள்.

தொலைக்காட்சியில் கப்பல் போகும் வரைபடம் தெரிகிறது. வேகம் 9 நொட், அதாவது மணிக்குப் பதினேழு கிலோமீற்றர் கூட இல்லை. மாலே ஏறக்குறைய 765 கிலோமீற்றர் தூரம். இன்று இரவே போய்ச் சேரவேண்டிய கப்பல் நாளைப் பின்னேரம்தான் சேரும் என்று மாமா கைவிரல்களில் கணக்குப் போட்டார். ஒரு எஞ்சின் நின்றுவிட்டது என்று கீழ்த்தளத்துப் பணியாளர் ஒருவர் அவரிடம் சொன்னாராம். ஒலிபெருக்கி மட்டும் "சிறு தொழில்நுட்பக் காரணம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய கப்பல் என்றால் பழைய கப்பல்தான், எஞ்சின் பழுதாகும். அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? காலையில் கப்டன் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் பாதிப் பேருக்குக் கோபமே வந்திருக்காது.

டிசம்பர் 29

மூன்று மணிக்கு மாலே. கப்பல் வெளியே நங்கூரமிட, சின்னப் படகுகளில் கரைக்குக் கொண்டுபோனார்கள். வரிசையில் நின்று நாங்கள் இறங்கும்போது ஐந்தாகிவிட்டது. கடைசிப் படகு ஆறரைக்கு. பவளக்கல்லால் 1658இல் கட்டிய பழைய பள்ளிவாசலை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். மாமிக்கு அதெல்லாம் வேண்டாம், மாசிக் கருவாடு வாங்கவேண்டும். கடைக்காரர் எடுத்துக்கொடுத்த கட்டிகளை ஒன்றோடொன்று தட்டி, மரம்போல் "டக்" என்று சத்தம் வந்ததை மட்டும் பொறுக்கினா. வெள்ளவத்தையில் கொடுக்கும் விலையை இந்தக் கடைக்காரரிடமும் சொல்லிப் பேரம் பேசினா, சிங்களத்தில். அவருக்கும் விளங்கியது!

இரவு அறிவிப்பு: அடுத்துப் போகவேண்டிய கொச்சி இல்லை, நேரே கொழும்பு. கொச்சிக்காகத்தான் ஆளாளுக்கு இந்திய விசா எடுத்தோம். அந்தக் காசு போனதுதான்.

டிசம்பர் 30

கடல். சீட்டு. மாமாவிடம் தோற்றோம்.

டிசம்பர் 31

பொழுதுபடும் நேரம் தாமரைக் கோபுரம் தெரிந்ததும் மேல்தளத்தில் கைதட்டல். புறப்பட்ட அன்று கூட யாரும் இப்படித் தட்டவில்லை. வரவேற்பு மேசையில் இவர் கொச்சிக்கான கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். படிவம் ஒன்றைத் தந்தார்கள். பேனாவில் மை இல்லை.

ஜனவரி 14, 2025

பொங்கல் பானை இறக்கிய கையோடு மின்னஞ்சல் பார்த்தேன். பணம் இல்லை; அடுத்த பயணத்துக்குச் சலுகைக் கூப்பன், அதே கப்பலில். வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாமாம். "தம்பி குடும்பத்துக்குக் கொடுப்போமா?" என்று இவர் கேட்கிறார். காணித் தகராறு இன்னும் முடியவில்லைதான். என்றாலும் அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றேன்.